ஐந்தும் ஏழும் பன்னிரண்டு

வேடியப்பன் மலையை விட்டு இறங்கியது இரண்டே நாளைக்குத்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் எதிர்ப்பட்ட முதல் ஆளிடமே அதைச் சொல்லிவிட்டான்.

"வெள்ளிக்கிழம எம் மவ செல்லிக்குக் கண்ணாலமுங்க. வியாழக்கிழம பொழுதுக்குள்ள வூடு போய்ச் சேந்தரணும்."

அந்த ஆள் வெற்றிலைக் கடைக்காரர். "போய்க்கப்பா. உன்னய யாரு கட்டி வெச்சிருக்கறாங்க?" என்றார்.

கட்டி வைக்கப்போகிறவர்கள் நாலு கடை தள்ளி ஒரு மச்சு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பெயிண்டு காயாத பலகை தொங்கியது: 'மலைநாட்டு இசை மேம்பாட்டு சபை. பதிவு பெற்றது.'

சபையின் தலைவர் ராவ்சாகிப் கிருஷ்ணப்பன், ஓய்வுபெற்ற தாசில்தார். ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட ஒன்றும் கிடைக்காமல் ஒரு வருஷம் தூக்கமில்லாமல் கஷ்டப்பட்டார். அப்போதுதான் பட்டணத்துக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார்: சீமையில் குடியானவன் பாட்டை எடுத்துப் பெரிய கச்சேரி சங்கீதமாக ஆக்கி, மகாராஜாக்கள் முன்னால் வாசிக்கிறார்களாம்; ஆக்கியவருக்குப் பட்டம் கொடுக்கிறார்களாம். குடியானவனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ராவ்சாகிப் கேட்கவில்லை. அடுத்த மாதமே சபை பதிவாகிவிட்டது. அது 1940. சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்ததால், இந்தத் துறையில் முந்திக்கொள்ள நமக்கு நல்ல சமயம் என்று முதல் கூட்டத்தில் பேசினார்.

'மேளத்துடன் ஆஜராகவும்' என்று சபை அனுப்பிய தாளில் முத்திரை இருந்தது. முத்திரை வைத்த தாளை மறுத்துப் பழக்கமில்லாததால் வேடியப்பன் வந்துவிட்டான். போகிறபோது செல்லிக்குச் சேலையும் மஞ்சளும் வாங்கிப் போகலாம் என்று மனைவி கருப்பியிடம் சொல்லியிருந்தான்.

காரியதரிசி ஜானகியம்மாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, நல்ல மாதிரி. அவனுக்கு மோர் கொடுத்துவிட்டுத்தான் பேரேட்டைத் திறந்தார்.

"தொழில்?"

"சாமை வெதைக்கறனுங்க. கண்ணாலம், சாவு, நோவுன்னா ஊருக்கு மேளம் கொட்டுவனுங்க."

"உங்கள் இசை எந்த வருஷத்திலிருந்து அழிந்து வருகிறது?"

"அழியலீங்களே அம்மா. போன வெள்ளிக்கிழமகூட எம் மவ கண்ணாலத்தச் சொல்லிக் கொட்டுனனுங்க. பக்கத்து மலைக்காரன் வாங்கிக் கொட்டுனான், அவனுக்கு அந்தாண்டக்காரன் வாங்கிக் கொட்டுனான்."

ஜானகியம்மாள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "இங்கே பாரப்பா. அழியும் தறுவாயில் உள்ள இசையைக் காப்பதுதான் சபையின் நோக்கம். மூன்றாவது விதி. நன்றாக இருக்கும் இசையைக் காக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது." பிறகு அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "நீ கவலைப்படாதே. எப்படியும் அழிந்துவிடும்" என்று ஆறுதல் சொல்லி, அந்தக் கட்டத்தில் ஒரு வருஷத்தை அவரே எழுதிக்கொண்டார்.

மேளத்தை எடைபோட்டார்கள். நீளம் அகலம் அளந்தார்கள். ஒரு சிப்பந்தி அதன் இடுப்பில் நூல் சுற்றி அரக்கு முத்திரை வைத்தான்.

இந்த மேளம் எப்படிப் பேசும் என்பதை இங்கே சொல்லவேண்டும். தெரிந்துகொள்வதே ஒரு சந்தோஷம். சித்தேரி மலையில் ஓர் ஊரில் நின்றால் அடுத்த ஊரின் புகை தெரியும். நடந்தால் அரை நாள் ஆகும். கண்ணுக்குக் கிட்டத்திலும் காலுக்குத் தூரத்திலும் இருக்கிற ஊர்கள் ஒன்றோடொன்று பேச மேளம்தான் வழி. வேங்கைக் கட்டையைக் குடைந்து ஒரு பக்கம் எருமைத் தோலும் மறு பக்கம் ஆட்டுத் தோலும் இழுத்துக் கட்டியிருக்கும். எருமைத் தோல் கனத்த குரலில் எந்த ஊர் என்று சொல்லும். ஐந்து அடி என்றால் வேடியப்பனின் ஊர், கொடும்பாறை. பிறகு ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சும்மா இருக்கவேண்டும். கேட்பவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் காது கொடுப்பதற்கான நேரம் அது. அதன் பின் ஆட்டுத் தோல் மெல்லிய குரலில் செய்தியைச் சொல்லும். மூன்று அடி என்றால் சாவு, தூக்க வாருங்கள். நாலு அடி என்றால் கல்யாணம், சாப்பிட வாருங்கள். ஏழு அடி என்றால் கொள்ளைநோய். வராதீர்கள், பாதையை அடையுங்கள்.

ஏழைக் கேட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது. அதே அடியை அடுத்த மலைக்குக் கொட்டிவிட்டு, முள்ளை வெட்டிப் பாதையில் போடவேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் காலரா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும் என்பது மலையின் அனுபவம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கை தவறி ஓர் அடி கூடினாலும் கல்யாணம் கொள்ளைநோய் ஆகிவிடக்கூடாதே என்று, நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள எண்களுக்குச் செய்தியே வைக்காமல் காலியாக விட்டிருந்தார்கள். எந்த மடையனும் தவறிப்போய் மூன்று அடி கூடுதலாகக் கொட்டமாட்டான் என்று இதை வகுத்தவர்கள் நம்பினார்கள். அவர்கள் சங்கீத வித்வான்களைப் பார்த்ததில்லை.

சபையின் வித்வான் ராஜாமணி. சுரமும் எழுதுவார், சீமைக் கோடுகளிலும் எழுதுவார். நாலு பிடில், ஒரு ஆர்மோனியம், ஒரு கிளாரினெட், மிருதங்கம் எல்லாவற்றையும் சேர்த்து 'மலைராஜ வைபவம்' என்ற புதிய உருப்படியை ஆக்கிக்கொண்டிருந்தார். நடுவில் வைக்க அசல் மலைத் துண்டு ஒன்று வேண்டும். கொட்டிக் காட்டு என்றதும் வேடியப்பன் சந்தோஷமாகத் தன் மகளின் கல்யாணக் கொட்டைக் கொட்டினான். ஐந்து. மூச்சு. நாலு.

ராஜாமணி கண்ணை மூடிக் கேட்டார். "அருமை. ஆனால் ஐந்தும் நாலும் ஒன்பது. ஒன்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?"

"கண்ணாலத்துக்கு வருவாங்க சாமி."

"நாலை ஏழாக்கினால் பன்னிரண்டு வருகிறது. பன்னிரண்டு நம் ரூபகத்துக்கும் உட்காரும், வெள்ளைக்காரன் வால்ட்ஸுக்கும் உட்காரும். அந்த மூச்சு இடைவெளியில் பிடில்கள் நுழையும்." அவர் பென்சிலால் மூன்று சின்னக் கோடுகளைச் சேர்த்தார். ஒரு நொடி வேலைதான்.

புதன்கிழமை ஒத்திகையில் மேளத்தின் முன் வேடியப்பனை உட்காரவைக்கவில்லை. அவனுக்குத் தாளம் தெரியாது என்று தீர்மானமாகியிருந்தது. தர்மபுரியிலிருந்து வந்திருந்த மிருதங்க வித்வான் நஞ்சப்பன் மேளத்தை மடியில் சாய்த்துக்கொண்டார். ஐந்து அடி. பிடில்கள் இழைந்தன. பிறகு ஆட்டுத் தோல் பக்கம் ஏழு அடி, சுத்தமாக, ஒன்றுக்கொன்று துளி பிசகாமல் விழுந்தது.

வேடியப்பன் எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"ஏழு வேண்டாஞ் சாமி. அது நோவுச் சேதி. எங்கூர்ல வாந்திபேதி வந்துருச்சுன்னு சொல்றீங்க. நாலு போடுங்க. இல்லீன்னா மூணாவது போடுங்க, எவனாச்சும் செத்தான்னு வெச்சுக்கறோம்."

"செத்தால் எட்டாகிவிடும். எட்டை எல்லாரும் வாசிக்கிறார்கள்" என்றார் ராஜாமணி பொறுமையாக.

ராவ்சாகிப் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "இதோ பார். கொட்டுவது நீ அல்ல, நஞ்சப்பன். ஆக இது உன் செய்தி அல்ல, சங்கீதம். சங்கீதத்துக்குச் செய்தி கிடையாது. செய்தி இருந்தால் அது தபால் இலாகாவின் கீழ் வந்துவிடும். நமக்கு அதிகாரம் இருக்காது."

"சாமி, அப்ப நான் இன்னிக்கே மேல போயி, இது நெசமில்லன்னு சொல்லிட்டு வந்தர்றனுங்க."

"பதினாலாவது விதி" என்றார் ஜானகியம்மாள் வருத்தத்தோடு. "மூலப்பொருள் மேடையில் இருக்கவேண்டும்."

மூலப்பொருள் என்பது தன்னைத்தான் என்று அவனுக்குப் புரிய நேரமாயிற்று. வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தியிருந்தார்கள். அவரிடமும் சொல்லிப் பார்த்தான். "எனக்கும் வூட்ல வேல கெடக்குதப்பா. உன்னய உள்ள வெச்சுக் காவல் காக்கச் சொன்னாங்க. உம் மேளத்துக்கும் நாந்தான் காவல். எதுக்குன்னு நீயும் கேக்காத, நானும் கேக்கல" என்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கூடத்துக்குள் வாசித்தால் மலைக்குக் கேட்காது. நஞ்சப்பனுக்கு வேடியப்பனின் தோளில் பாதிதான் இருக்கும். அவர் அடி தெருக்கோடியைத் தாண்டாது. வியாழக்கிழமை காலையில் கஞ்சி குடித்தபோது இதை நினைத்துக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தான். கச்சேரி நாலு மணிக்கு. முடிந்ததும் ஓடிவிடலாம், விடிவதற்குள் ஊர்.

மத்தியானம் டூரிங் சினிமாக்காரரின் வண்டி வந்தது. எஞ்சினை இறக்கினார்கள். பெரிய ஊமத்தம்பூப் போன்ற குழாய் ஒன்றைப் புளியமரத்தின் உச்சிக் கிளையில் கட்டினார்கள். குழாயின் வாய் கடைத்தெருவைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தது.

"அண்ணா, அத இந்தாண்ட திருப்புங்க" என்று வேடியப்பன் மரத்தின் மேல் இருந்தவனைக் கெஞ்சினான்.

"மலைக்கு நன்றி சொல்ற மாதிரி மலையப் பாத்து வெக்கணுமாம். தீர்மானம் போட்டிருக்கறாங்க" என்றான் அவன் மேலிருந்து.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மலைச்சரிவு மேலே காற்றை இழுக்கும். பிற்பகலில் கீழே பேசும் பேச்சுகூட அந்தக் காற்றோடு மலை ஏறிவிடும். மலைக்காரர்கள் செய்தி கொட்டுவதற்கு அந்த நேரத்தைத்தான் வைத்திருந்தார்கள். சபை நாலு மணியை வைத்தது, வெற்றிலை பாக்குக் கொடுக்க வசதியாக இருக்கும் என்பதால்.

கூடம் நிறைந்திருந்தது. வேடியப்பனுக்கு மயிலிறகுத் தொப்பி போட்டு மேடையின் ஓரத்தில் முக்காலியில் உட்காரவைத்தார்கள். மலையில் யாரும் மயிலிறகு செருகுவதில்லை. அப்படிச் செருகாததே அந்த இசை அழிந்துவருவதற்கு அத்தாட்சி என்று ஜானகியம்மாள் குறிப்பு எழுதியிருந்தார்.

ராவ்சாகிப் பேசினார். "மலைவாசியிடம் இசை இருக்கிறது. ஆனால் அது இசை என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் ஒரு பொருள் இருப்பது அந்தப் பொருளுக்கு ஆபத்து. முப்பது வருஷம் வருவாய் இலாகாவில் இருந்தவன் சொல்கிறேன்: நிலத்தை அளந்து கல் நட்ட பிறகுதான் அது நிலம். அதுவரை அது வெறும் மண். யாரோ அதில் பயிர் செய்துகொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு நாம் இந்த மேளத்துக்குக் கல் நட்டிருக்கிறோம்."

கைதட்டல் அடங்கியதும் பிடில்கள் தொடங்கின. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நஞ்சப்பன் மேளத்தை எடுத்தார். ஒலிவாங்கியைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஐந்து.

வேடியப்பன் எழுந்தான். "ஏழு வேண்டாஞ் சாமி" என்றான். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அதுவும் உருப்படியில் சேர்ந்தது என்று நினைத்தார்கள். கான்ஸ்டபிள் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

ஏழு விழுந்தது. புளியமரத்துக் குழாய் அதை எடுத்து, அவனுடைய கை வாழ்நாளில் கொட்டியிராத பலத்தோடு மலை மேல் வீசியது. கடைத்தெருவில் மாடுகள் கயிற்றை இழுத்தன. பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை கொட்டிவிட்டு நஞ்சப்பன் நிறுத்தினார். உருப்படியில் அங்கே ஒரு மௌனம் எழுதியிருந்தது.

அந்த மௌனத்தில் மலை பதில் சொன்னது.

முதலில் அடிவாரத்துக்கு மேலே உள்ள ஊர். தூரத்தில், பஞ்சு மூட்டையைத் தட்டுவதுபோல: ஐந்து. மூச்சு. ஏழு. சிறிது நேரத்தில் அதற்கும் பின்னால் இன்னொன்று. அப்புறம் எங்கோ இடது பக்கத்துச் சரிவில் மூன்றாவது. கூடம் பிரமித்துப்போய் எழுந்து நின்றது. "மலையே பக்கவாத்தியம் வாசிக்கிறது" என்றார் ராவ்சாகிப். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராஜாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நொடிக்குப் பிறகு பதில் வருகிறது என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வேடியப்பன் ஒவ்வொரு மேளமாகக் குரல் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். இது மச்சான் குள்ளனுடையது. இது மாப்பிள்ளை ஊர் மேளம். எல்லா ஊரும் சொல்லியாகிவிட்டது. கொடும்பாறை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் ஊருக்குக் கொள்ளைநோய் என்று மலை முழுவதும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்ல மேளம் இல்லாமல் அந்த ஊர் நின்றுகொண்டிருக்கும்.

வெற்றிலை பாக்கு முடியும்வரை அவனை விடவில்லை. விட்டபோது இருட்டிவிட்டது, மேளத்தைச் சபை திருப்பிக் கொடுக்கவில்லை. மிருகங்களை விரட்ட மேளம் இல்லாமல் காட்டு வழியில் போகப் பயந்து அடிவாரத்திலேயே கிடந்தான். வெள்ளிக்கிழமை வெயில் ஏறும்போது, கொடும்பாறைக்குப் போகும் வழியில் குள்ளனின் ஊர் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தான். பாதையில் ஆள் உயரத்துக்கு முள். முள்ளுக்கு அந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், குள்ளன் கையில் கம்போடு நின்றான். குள்ளன் கருப்பியின் தம்பி.

"மாமா, அங்கயே நில்லு. ஓடையில எறங்காத. நோவு வந்த ஊர்க்காரன் நீ."

"நோவெல்லாம் ஒண்ணுமில்லடா மச்சான். கீழ கச்சேரி பண்ணாங்க. பாட்டுக்குக் கொட்டுனாங்க."

"எதுக்கு?"

"பாட்டுக்கு."

குள்ளன் அதை யோசித்துப் பார்த்தான். "சாவு இல்ல, கண்ணாலம் இல்ல, சும்மா ஏழு கொட்டுனாங்களா? கேக்கறவன் சிரிப்பான் மாமா. உம் மேளத்துக் குரலு எனக்குத் தெரியாதா? அது என்னிக்குப் பொய் சொல்லியிருக்குது?"

"செல்லி கண்ணாலம்?"

"மாப்பிள ஊட்டுக்காரங்க பாதி வழியில திரும்பிட்டாங்க. உங்கூருக்கு ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. அக்கா வேலியாண்ட வந்து நின்னு, நோவு இல்ல, நோவு இல்லன்னு காலையில இருந்து கத்துது." குள்ளன் கொடும்பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நோவு வந்த ஊர்ல எவன் மாமா வந்துருச்சுன்னு சொல்லுவான்? ஊத்து எங்க பக்கம் இருக்குதில்ல, அதனால குடத்துல தண்ணி மோந்து பாறை மேல வெச்சிட்டு வந்தர்றோம். நாலு குடந்தான் முடியும். நீ பயப்படாத."

"இருபது தலக்கட்டுக்கு நாலு குடமாடா?"

"போயி மேளத்தக் கொண்டாந்து தொறப்புக் கொட்டுக் கொட்டு. உங்கூரு மேளந்தான் கொட்டணும், உங் கையிதான் கொட்டணும். கேட்டதும் நானே மொத முள்ள இழுத்துப் போடறேன். அதுக்கு முன்ன நீ ஓடையத் தாண்டுனா, மாமான்னு பாக்கமாட்டேன்."

அவன் கம்பை மாற்றிப் பிடித்த விதத்தில் அது உண்மை என்று தெரிந்தது.

சனிக்கிழமை சபையில் அவசரக் கூட்டம். முதல் நாள் ஜானகியம்மாள் மலைக்கு நன்றி சொல்ல மாட்டுவண்டியில் அடிவாரம் வரை போயிருந்தார். அவர் அறிக்கையை வாசித்தபோதுதான் வேடியப்பன் உள்ளே நுழைந்தான். மூன்று பாதைகளும் முள்ளால் மூடிக் கிடக்கின்றன. மனித நடமாட்டம் இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தும் எந்த வாத்தியமும் கேட்கவில்லை. ஆகவே விதியில் 'அழியும் தறுவாயில் உள்ள' என்பதை 'அழிந்துபோன' என்று திருத்தத் தீர்மானம். சபை சரியான நேரத்தில் காப்பாற்றியிருக்கிறது என்று எல்லாரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

மேளம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"சாமி, ஒரு நாளைக்கு அதக் குடுங்க. தொறப்புக் கொட்டு ஒண்ணு கொட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வெச்சர்றேன். தண்ணிக்குத் தவிக்கறாங்க."

"யார்?" என்றார் ராவ்சாகிப்.

"எங்கூரு சனம்."

"அவர்கள் அழிந்துபோனதாக இப்போதுதான் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது."

"நான் நிக்கறனுங்களே."

"நீ நிற்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அழிந்துபோன ஜனங்களின் வாத்தியத்தை வெளியே எடுத்துப்போய்க் கொட்டினால், அவர்கள் அழியவில்லை என்று அர்த்தமாகும். அறிக்கை கொடுத்த அம்மாளை அது பொய்யாக்கும். ஒரு பெண்மணியை அப்படி அவமானப்படுத்தலாமா?"

ஜானகியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் மேல் அவருக்குக் கோபம் இல்லை.

"என்ன கொட்டு அது?" என்றார் ராஜாமணி. "திறப்புக் கொட்டு என்றாயே, அதை நீ எனக்குக் காட்டவே இல்லையே." அவர் பென்சிலை எடுத்துவிட்டார்.

பெட்டியைத் திறக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. ஆனால் ஒத்திகைக்காகத் திறக்க விதி இல்லை, கச்சேரிக்காகத் திறக்கலாம். அடுத்த கச்சேரி வரும் புதன்கிழமை, பட்டணத்து ரேடியோ நிலையத்தில். ராஜாமணி பெருந்தன்மையோடு சொன்னார்: "இந்தத் தடவை மேளத்தை நீயே கொட்டு. ஓர் அடி கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்."

"பட்டணத்துல கொட்டுனா மலைக்குக் கேக்குங்களா சாமி?"

"மலை என்ன, இலங்கை வரைக்கும் கேட்கும்" என்றார் ராவ்சாகிப். அவர் பொய் சொல்லவில்லை. ரேடியோ அப்படித்தான் வேலை செய்கிறது. ஓசை மின்சாரமாகிறது, மின்சாரம் அலையாகிறது, அலை மலையையும் கடலையும் ஒரே நொடியில் தாண்டுகிறது. அதை மறுபடி ஓசையாக்க ஒரு பெட்டி வேண்டும். சித்தேரி மலை முழுவதிலும் அப்படி ஒரு பெட்டி கிடையாது என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம்.

மொரப்பூரில் ரயில் ஏறினார்கள். வழியெல்லாம் வேடியப்பன் நாலு குடத்தை இருபது வீட்டுக்குப் பங்கு போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நிலையத்தில் ஒரு இளைஞர் அவனை உட்காரவைத்து, ஒலிவாங்கியைச் சரிசெய்தார். "பலமாக அடிக்கவேண்டாம். மெதுவாக அடித்தாலே எல்லா இடத்துக்கும் போய்விடும்." சிவப்பு விளக்கு எரிந்தது. பிடில்கள் வழிவிட்டன. வேடியப்பன் கொடும்பாறையின் ஐந்தை மெதுவாகக் கொட்டினான். மூச்சு விட்டான். பிறகு இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் தட்டித் திறப்புக் கொட்டைக் கொட்டினான். யாரும் அதில் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

திறப்புக் கொட்டுக்குப் பிறகு, அடுத்த மலை வாங்கிக் கொட்டும் வரை மேளக்காரன் கோலை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். வேடியப்பன் கோலை மடியில் வைத்தான். தலையைச் சாய்த்து, மலை எந்தத் திசையில் இருக்கும் என்று யோசித்து, அந்தப் பக்கத்துச் சுவருக்குக் காதைக் கொடுத்தான்.

இளைஞர் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார். ராஜாமணி, மௌனம் நன்றாக இருக்கிறது, விடுங்கள் என்று சைகை செய்தார். நாலு சுவரிலும் கூரையிலும் கதவிலும் கனத்த கம்பளியும் தேங்காய் நாரும் வைத்துத் தைத்திருந்தார்கள். வெளியிலிருந்து எந்த ஓசையும் உள்ளே வராதபடி கட்டிய அறை அது.